பூட்டு ஊர்ல ஒரு 'பூட்' சாவி: எந்த கம்ப்யூட்டர்லயும் உங்க கம்ப்யூட்டரைத் திறப்பது எப்படி?

திண்டுக்கல்னா பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஒரு சாவி ஒரு பூட்டைத்தான் திறக்கணும், அதுதான் நல்ல பூட்டுக்கு அழகு. ஆனா கம்ப்யூட்டர் விஷயத்துல நிறைய பேருக்குத் தேவைப்படுறது இதுக்கு நேர் எதிரான சாவி. ஒரே டிரைவ், எந்த கம்ப்யூட்டர்ல செருகினாலும் திறக்கணும்.

யாருக்கு இது தேவை? வீடு வேடசந்தூர்ல, காலேஜ் திண்டுக்கல்ல. வீட்டுல அக்கா படிக்கும்போது கிடைச்ச பழைய அரசு லேப்டாப், காலேஜ்ல லேப் கம்ப்யூட்டர், லீவுல போனா மாமா கடையில ஒரு டெஸ்க்டாப். மூணுமே இருக்கு. ஆனா மூணுல எதுவும் உங்களோடது இல்லை. ஒரு இடத்துல பைத்தான் இருக்காது, இன்னொரு இடத்துல தமிழ் கீபோர்டு இருக்காது, மூணாவது இடத்துல வைரஸ் மட்டும் தாராளமா இருக்கும். புது லேப்டாப் வாங்க பட்ஜெட் இல்லாதவங்களுக்கு, ஓஎஸ் மொத்தத்தையும் ஒரு சின்ன எஸ்எஸ்டி-யில் போட்டுப் பாக்கெட்டுல வெச்சுக்கிறது நல்ல வழி.

ஆனா சும்மா இன்ஸ்டால் பண்ணிட்டு எடுத்துட்டுப் போனா, ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுறது இன்னொண்ணுல கறுப்புத் திரையோட நின்னுடும். ஏன் நிக்குது, நிக்காம இருக்க என்ன பண்ணணும்? வரிசையா பார்ப்போம்.

முதல்ல, 'பூட்' ஆகுறதுன்னா என்ன?

பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல முழிக்கிறது விண்டோஸோ லினக்ஸோ இல்லை. மதர்போர்டுக்குள்ள இருக்கிற சின்ன புரோகிராம். பழைய கம்ப்யூட்டர்கள்ல அதுக்குப் பேர் பயாஸ். புதுசுல யூஇஎஃப்ஐ. அது டிரைவ்களைத் தேடி, 'பூட் லோடர்'ங்கிற சின்ன ஃபைலைக் கண்டுபிடிச்சு ஓட்டும். பூட் லோடர் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் தனக்கு வேண்டிய டிரைவர்களை எடுத்துக்கிட்டு, மீதி ஓஎஸ் எந்த டிரைவ்ல இருக்குன்னு தேடிப் பிடிக்கும். அப்புறம்தான் உங்க டெஸ்க்டாப் வரும்.

ஆக மொத்தம் நாலு கை மாறுது. டிரைவை வேற கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும்போது இந்த நாலுல எந்தக் கை வேணும்னாலும் நழுவலாம்.

இன்னொரு விஷயத்தையும் தெளிவுபடுத்திக்குவோம். 'லைவ் யூஎஸ்பி' வேற, நாம பேசுறது வேற. லைவ் யூஎஸ்பி-யில் ஓஎஸ்-ஐ ஓட்டிப் பார்க்கலாம். ஆஃப் பண்ணினா நீங்க செஞ்ச மாற்றம் எல்லாம் போயிடும். சிலதுல கொஞ்சம் சேமிக்கிற வசதி உண்டு. நாம பேசுறது வெளி டிரைவ்ல முழுசா இன்ஸ்டால் பண்ணின ஓஎஸ். அதுல அப்டேட், சாஃப்ட்வேர், பாஸ்வேர்டு, ஃபைல் எல்லாமே அப்படியே இருக்கும்.

இது புது ஐடியாவா?

இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000-ல் 'நாப்பிக்ஸ்' கொண்டு வந்தார். ஒரு சிடி-யைப் போட்டா போதும், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். எந்த கம்ப்யூட்டர்ல செருகினாலும் அங்க என்னென்ன ஹார்டுவேர் இருக்குன்னு தானே கண்டுபிடிச்சுக்கும். அதுதான் அதோட பெரிய சாதனை.

மைக்ரோசாஃப்டும் 2012-ல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் பதிப்போட 'விண்டோஸ் டு கோ' வசதியைக் கொடுத்தது. ஊழியர்கள் ஆபீஸ் விண்டோஸை யூஎஸ்பி-யில் எடுத்துட்டுப் போகலாம். 2020-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல அதைத் தூக்கிட்டாங்க.

தமிழ்நாட்டுக்கும் லினக்ஸ் அந்நியம் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின விலையில்லா மடிக்கணினி திட்டத்துல, விண்டோஸோட இந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆன் பண்ணினதும் 'எது வேணும்?'னு கேட்கிற மெனுவைப் பார்த்த ஞாபகம் உங்க வீட்டு அண்ணன், அக்காவுக்கு இருக்கலாம். அந்த மெனுவைக் காட்டுறதும் ஒரு பூட் லோடர்தான்.

டிரைவ் ஏன் ஒரே கம்ப்யூட்டரோடு ஒட்டிக்குது?

இன்ஸ்டால் ஆகும்போது ஓஎஸ் அந்த கம்ப்யூட்டரைப் பத்திச் சில விஷயங்களை மனசுல வெச்சுக்கும். அந்த முடிச்சுகளை ஒவ்வொண்ணா அவிழ்த்தாதான் டிரைவ் ஊர் சுத்தும்.

1. பூட் லோடரோட விலாசம்: யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணும்போது, 'பூட் லோடர் இந்த இடத்துல இருக்கு'ன்னு ஒரு குறிப்பு மதர்போர்டோட மெமரியிலயே எழுதப்படும். டிரைவை எடுத்துட்டுப் போனா அந்தக் குறிப்பு கூட வராது. புது கம்ப்யூட்டருக்கு உங்க லோடர் எங்க இருக்குன்னே தெரியாது. இதுக்காகவே ஒரு பொது விலாசம் வெச்சிருக்காங்க. டிரைவ்ல ஃபேட்32 முறையில் இருக்கிற 'இஎஃப்ஐ' பகுதிக்குள்ள, 'இஎஃப்ஐ' ஃபோல்டர், அதுக்குள்ள 'பூட்' ஃபோல்டர், அதுக்குள்ள 'பூட்எக்ஸ்64'ங்கிற ஃபைல். குறிப்பு எதுவும் இல்லைன்னா கம்ப்யூட்டர் அங்கதான் போய்ப் பார்க்கும். உங்க டிரைவ்ல அந்த ஃபைல் இருக்கணும்.

2. பழைய பயாஸ், புது யூஇஎஃப்ஐ: ரொம்பப் பழைய கம்ப்யூட்டருக்கு இஎஃப்ஐ ஃபைல் புரியாது. புதுசுல பலதுக்குப் பழைய முறை புரியாது. ரெண்டுலயும் ஓடணும்னா டிரைவை ஜிபிடி முறையில் பிரிச்சு, 1 எம்பி அளவுல 'பயாஸ் பூட்' பகுதி ஒண்ணு, ஃபேட்32 இஎஃப்ஐ பகுதி ஒண்ணுன்னு ரெண்டையும் வெச்சு, லோடரை ரெண்டு விதமாவும் போடணும். உங்க கைக்குக் கிடைக்கிற கம்ப்யூட்டர் எல்லாமே புதுசுன்னா இந்த வேலை தேவையில்லை.

3. செக்யூர் பூட்: கையெழுத்து சரிபார்க்கப்பட்ட லோடரை மட்டும்தான் ஓட்டுவேன்னு கம்ப்யூட்டர் அடம்பிடிக்கிற பாதுகாப்பு இது. உபுண்டு, ஃபெடோரா மாதிரி பெரிய லினக்ஸ்கள் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வாங்கின லோடரோடயே வருது. அதனால பெரும்பாலும் பிரச்னை இல்லை. சில புது லேப்டாப்கள்ல மட்டும் மூன்றாம் தரப்புக் கையெழுத்தை ஏத்துக்கிற ஆப்ஷன் ஆஃப்ல இருக்கும். அதைத் தனியா ஆன் பண்ணணும்.

4. டிரைவோட பேர்: வீட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் உங்க எஸ்எஸ்டி-க்கு 'எஸ்டிஏ'ன்னு பேர் வைக்கும். லேப்ல உள்ளே ஏற்கெனவே ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தா, அது எஸ்டிஏ ஆகி உங்களோடது 'எஸ்டிபி' ஆகிடும். பேரை நம்பித் தேடின ஓஎஸ் தவறான வீட்டுக் கதவைத் தட்டும். அதனாலதான் ஒவ்வொரு பகுதிக்கும் 'யூயூஐடி'னு மாறாத ஒரு எண் இருக்கு. ஆதார் நம்பர் மாதிரி. உபுண்டு, மின்ட் எல்லாம் இந்த எண்ணை வெச்சேதான் தேடும். நீங்களா செட்டிங்ஸை மாத்தி எழுதும்போது மட்டும் கவனமா இருங்க.

5. டிரைவர்கள்: சில லினக்ஸ்கள் பூட் ஆகுற நேரத்தைக் குறைக்க, இந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் ஆரம்பக் கட்டத்துல மூட்டை கட்டி வெச்சுக்கும். ஃபெடோரா அந்த ரகம். வேற கம்ப்யூட்டருக்குப் போனா மூட்டைக்குள்ள தேவையானது இருக்காது. உபுண்டு வழக்கமா பெரும்பாலான டிரைவர்களையும் சேர்த்தே கட்டும். ஊர் சுத்துற டிரைவுக்கு இதுதான் வசதி. அதே மாதிரி, வீட்டுல என்விடியா கார்டு இருக்குன்னு அந்த கம்பெனி டிரைவரைப் போட்டுட்டு, கார்டே இல்லாத லேப் கம்ப்யூட்டருக்குப் போனா திரை கோளாறு பண்ணலாம். லினக்ஸோடயே வர்ற பொதுவான டிரைவரோட விட்டுடுறது நல்லது.

6. பிராசஸர்: இது மட்டும் அவிழ்க்க முடியாத முடிச்சு. இன்டெல், ஏஎம்டி ரெண்டும் ஒரே குடும்பம். அதுல பண்ணினது இதுல ஓடும். ஆனா 2020-ல் இருந்து வர்ற எம்1 வகை மேக், ராஸ்பெரி பை எல்லாம் ஆர்ம் குடும்பம். உங்க டிரைவ் அங்க ஓடாது.

விண்டோஸை இப்படிக் கொண்டுபோகலாமா?

முடியும், ஆனா சிக்கல் அதிகம். விண்டோஸ் இன்ஸ்டாலர் நேரடியா யூஎஸ்பி டிரைவ்ல இன்ஸ்டால் பண்ண மறுத்துடும். ரூஃபஸ் மாதிரி டூல்ல 'விண்டோஸ் டு கோ' ஆப்ஷன் இருக்கு. அதுல செஞ்சாலும் ரெண்டு தலைவலி. ஒண்ணு, ஆக்டிவேஷன். லைசென்ஸ் வழக்கமா மதர்போர்டோடு கட்டிப் போட்டிருக்கும். வேற கம்ப்யூட்டர்ல செருகினா 'ஆக்டிவேட் பண்ணுங்க'ன்னு கேட்கும். ரெண்டு, லேப்டாப்புக்குள்ள இருக்கிற விண்டோஸ் டிஸ்க்கைக் கழட்டி அப்படியே வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா, டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர் பொருந்தாம நீலத் திரை வரலாம். அதுல 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'னு எழுதியிருக்கும். அதனால ஊர் சுத்துற டிரைவுக்கு லினக்ஸ்தான் சரிப்படும். விண்டோஸ் சாஃப்ட்வேர் இல்லாம உங்க படிப்பு நடக்காதுன்னா, இந்த ஐடியா உங்களுக்கு இல்லை.

செய்முறை: தேவையானவை

* 120 ஜிபி-க்குக் குறையாத ஒரு வெளி எஸ்எஸ்டி. பென்டிரைவ் வேண்டாம். ஓஎஸ் நொடிக்கு நொடி சின்னச் சின்னதா எழுதிட்டே இருக்கும். சாதாரண பென்டிரைவ் அதுல திணறும், சீக்கிரம் தேயும்.
* இன்ஸ்டால் பண்ணுறதுக்கு மட்டும் ஒரு 8 ஜிபி பென்டிரைவ்.
* யூஎஸ்பி 3 போர்ட். யூஎஸ்பி 2-வோட வேகம் நொடிக்கு 480 மெகாபிட், யூஎஸ்பி 3-ல் 5 கிகாபிட். பத்து மடங்கு வித்தியாசம். நிறைய கம்ப்யூட்டர்கள்ல யூஎஸ்பி 3 போர்ட் உள்ளே நீல நிறத்துல இருக்கும்.
* கம்ப்யூட்டர்ல 4 ஜிபி ரேம். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி-யிலயும் ஓடும், ஆனா பிரௌசரைத் திறந்தா மூச்சு வாங்கும்.

செய்முறை: படிகள்

1. மின்ட் அல்லது உபுண்டுவை டவுன்லோடு பண்ணி, ரூஃபஸ் அல்லது வென்டாய் மூலமா பென்டிரைவ்ல போடுங்க.

2. இன்ஸ்டால் பண்ணப்போற கம்ப்யூட்டரோட உள் ஹார்டு டிஸ்க்கைத் துண்டிங்க. டெஸ்க்டாப்னா, கரன்ட் பிளக்கைப் பிடுங்கிட்டு டிஸ்க் கேபிளைக் கழட்டினா போதும். லேப்டாப்னா பயாஸ்ல டிஸ்க்கை டிசேபிள் பண்ண வழி இருக்கான்னு பாருங்க. நிறைய பேர் தவறவிடுறது இந்தப் படியைத்தான். உள் டிஸ்க் கண்ணுல பட்டா, நீங்க எஸ்எஸ்டி-யைத் தேர்ந்தெடுத்தாலும், உபுண்டு வகை இன்ஸ்டாலர் பூட் லோடரை மட்டும் உள் டிஸ்க்ல கொண்டுபோய் வைக்கிறது உண்டு. அப்புறம் எஸ்எஸ்டி-யைப் பிடுங்கினா மாமாவோட டெஸ்க்டாப் திறக்காது, உங்க எஸ்எஸ்டி-யும் வேற இடத்துல திறக்காது. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

3. பென்டிரைவ்ல பூட் பண்ணி, எஸ்எஸ்டி-யைச் செருகி, 'எரேஸ் டிஸ்க்' கொடுத்து இன்ஸ்டால் பண்ணுங்க. எஸ்எஸ்டி-யில இருக்கிற எல்லாமே அழியும். முக்கியமான ஃபைல் எதுவும் இல்லைன்னு முன்னாடியே உறுதிப்படுத்திக்கோங்க.

4. அதே திரையில் என்கிரிப்ஷன் ஆப்ஷனை டிக் பண்ணுங்க. ஏன்னு கீழே சொல்றோம்.

5. முடிஞ்சதும், அதே நாள்ல, வேற கம்பெனி கம்ப்யூட்டர் ஒண்ணுல செருகிப் பாருங்க. இன்ஸ்டால் பண்ணின கம்ப்யூட்டர்ல ஓடுறது எதையும் நிரூபிக்காது. ரெண்டாவதுல ஓடினாதான் வேலை முடிஞ்சது.

எந்த கீ-யை அழுத்தணும்?

டிரைவைச் செருகி, ஆன் பண்ணின உடனே இந்த கீ-யை விட்டு விட்டுத் தட்டுங்க. 'பூட் மெனு' வரும். பயாஸ் செட்டிங்ஸ் எதையும் மாத்தத் தேவையில்லை. அந்த ஒரு தடவைக்கு மட்டும் உங்க டிரைவ்ல இருந்து ஓடும்.

* டெல்: எஃப்12
* ஹெச்பி: எஸ்கேப், அப்புறம் எஃப்9
* லெனோவோ: எஃப்12. சில மாடல்கள்ல பக்கவாட்டுல இருக்கிற சின்ன 'நோவோ' பட்டன்
* ஏசர்: எஃப்12. வேலை செய்யலைன்னா எஃப்2 அழுத்தி உள்ளே போய் 'எஃப்12 பூட் மெனு'வை ஆன் பண்ணணும்
* அசுஸ்: லேப்டாப்னா எஸ்கேப், அசுஸ் மதர்போர்டு போட்ட டெஸ்க்டாப்னா எஃப்8
* எம்எஸ்ஐ: எஃப்11
* இன்டெல் மேக்: ஆப்ஷன் கீ-யை அழுத்திப் பிடிச்சுக்கணும்

கீ தட்டியும் நேரா விண்டோஸுக்கே போகுதா? விண்டோஸுக்குள்ள ஷிஃப்ட் கீ-யைப் பிடிச்சுக்கிட்டு 'ரீஸ்டார்ட்' கொடுங்க. வர்ற நீல மெனுவுல 'யூஸ் எ டிவைஸ்' இருக்கும். அங்க உங்க டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தவங்க கம்ப்யூட்டர்... இதெல்லாம் கவனம்!

அனுமதி: லேப் கம்ப்யூட்டர்னா லேப் இன்சார்ஜ் கிட்ட கேளுங்க. வேற ஓஎஸ்-ல பூட் பண்ணினா அந்த கம்ப்யூட்டரோட கட்டுப்பாடுகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. என்கிரிப்ட் பண்ணாத டிஸ்க்ல இருக்கிற ஃபைல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதனாலதான் பல காலேஜ்கள்ல பூட் மெனுவுக்கே பாஸ்வேர்டு போட்டிருப்பாங்க. அதை உடைக்கப் பார்க்குறது வீரம் இல்லை.

பிட்லாக்கர்: புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலதுல டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். உரிமையாளருக்கே தெரியாம இருக்கலாம். உங்க டிரைவ் ஓடணும்னு செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினா, அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது வழக்கமா அவங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். அந்த கீ கிடைக்கலைன்னா அவங்க கல்யாண ஆல்பம், கடைக் கணக்கு எல்லாமே போச்சு. கீ கையில இருக்குன்னு உறுதியாகாம செக்யூர் பூட் பக்கமே போகாதீங்க.

உள் டிஸ்க்: விண்டோஸ் 'ஷட் டவுன்' ஆனாலும் முழுசா தூங்கிடாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னால பாதி விழிப்புல இருக்கும். அந்த நேரத்துல லினக்ஸ்ல இருந்து உள் டிஸ்க்ல எதையாவது எழுதினா ஃபைல்கள் கெட்டுப்போகலாம். உங்க வேலை உங்க டிரைவ்லயே இருக்கட்டும்.

அஞ்சரை மணி நேர மர்மம்: நீங்க போனதுக்கு அப்புறம் அவங்க விண்டோஸ் கடிகாரம் 5.30 மணி நேரம் பின்னாடி காட்டுதா? கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்துல வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம்னு நினைச்சுப் படிக்கும். வைரஸ் இல்லை. நேரத்தை இன்டர்நெட்டோட 'சின்க்' பண்ணினா சரியாகிடும். லினக்ஸ்லயே ஹார்டுவேர் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாத்தி வெச்சுட்டா மறுபடி வராது.

வைஃபை: சேமிச்ச பாஸ்வேர்டு டிரைவோடயே வரும். ஆனா காலேஜ் வைஃபை உங்க மெஷினோட மேக் அட்ரஸைப் பதிவு செஞ்சு அனுமதிக்கிற ரகம்னா, கம்ப்யூட்டர் மாறும்போது அட்ரஸும் மாறும். நெட் வராது.

தொலைஞ்சா?

பாக்கெட்ல போற கம்ப்யூட்டர், பஸ்ல தொலையவும் செய்யும். லாகின் பாஸ்வேர்டு இருக்கேன்னு நிம்மதியா இருக்க முடியாது. டிரைவை வேற கம்ப்யூட்டர்ல செருகினா அந்த பாஸ்வேர்டு கேட்காமலே ஃபைல்களைப் படிக்கலாம். இன்ஸ்டால் பண்ணும்போது என்கிரிப்ஷன் போட்டிருந்தா மட்டும்தான் எடுத்தவங்களுக்கு அது வெறும் டிரைவ். அந்த பாஸ்வேர்டை நீங்க மறந்தா உங்களுக்கும் அதே கதிதான். எழுதி வீட்டுல வெச்சிடுங்க.

யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்ல கரன்ட் போறதும், ஓடும்போதே கேபிள் அசையுறதும் இந்த டிரைவுக்கு ஆகாது. லினக்ஸோட ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் சமாளிச்சு எழுந்துக்கும். ஆனா அந்த நேரத்துல நீங்க டைப் பண்ணிட்டிருந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு உத்தரவாதம் இல்லை. கேபிளைப் பிடுங்குறதுக்கு முன்னாடி முழுசா ஷட் டவுன் பண்ணுங்க. வாரம் ஒரு முறை முக்கியமான ஃபோல்டரை வேற இடத்துல காப்பி எடுங்க.

பழைய அரசு லேப்டாப்புக்கும் இது ஆகுமா?

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதுக்கு முந்தின பதிப்பு ஓடுற லேப்டாப்களுக்கு அது இன்னும் முன்னாடியே முடிஞ்சாச்சு. விண்டோஸ் 11 கேட்கிற தகுதி பழைய லேப்டாப்புக்கு இருக்காது. ஆனா உங்க எஸ்எஸ்டி-யில் இருக்கிற லினக்ஸ் வருஷக்கணக்கா அப்டேட் வாங்கிட்டே இருக்கும். மின்ட்டோட 'எக்ஸ்எஃப்சிஇ' மாதிரி எடை குறைஞ்ச பதிப்பைப் போட்டா பழைய மெஷின்லயும் நடக்கும். யூஎஸ்பி 2 மட்டும் இருக்கிற லேப்டாப்னா, ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி-யை யூஎஸ்பி கேஸ்ல போட்டு வாங்குங்க. வெளியில யூஎஸ்பி-யா சுத்தலாம். பின்னாடி சொந்தமா ஒரு லேப்டாப் அமைஞ்சா, சாட்டா இடம் இருக்கிற மாடல்னா, கேஸைக் கழட்டி அதே டிரைவை உள்ளே மாட்டிக்கலாம். மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டிய வேலையே இல்லை.

லினக்ஸைத் தமிழ்லயே படிக்கணும்னா, 2012-ல் இருந்து வர்ற 'கணியம்' இதழ் இணையத்துல இலவசமா கிடைக்குது. அடிப்படைகளை அங்க கத்துக்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க: பொது விலாசத்துல பூட் லோடர் இருக்கா, என்கிரிப்ஷன் போட்டாச்சா, ரெண்டாவது கம்ப்யூட்டர்ல ஓடிச்சா, காப்பி எடுத்தாச்சா? நாலுக்கும் 'ஆமா'ன்னா தைரியமா பாக்கெட்டுல போட்டுக்கிட்டு பஸ் ஏறலாம்.